வியாழக்கிழமை வந்த இருநூற்று முப்பத்து மூன்று பேர்

“தோஹா தோஹான்னு இன்னொரு வாட்டி சொன்னே, இந்த டிவியத் தூக்கி பால்கனிலேருந்து கீழ போட்டுருவேன்!”

“போடுங்க. அந்த அமெரிக்காக்காரங்க கியூவாவது கலையும்.”

“கிண்டலா? பண்ணு, பண்ணு. பத்து நாள் முன்னாடியே வரிசையில நின்னு ஓட்டுப் போட்டாங்கல்ல, அதப் பாத்தே எவன் ஜெயிப்பான்னு டிவில உக்காந்தவன் சொல்லிட்டான். சொன்னபடி ஆச்சா இல்லையா?”

“அவங்க நாட்டுக்குத் தலைவர் தேடினாங்க. நீங்க பொங்கல் விழாவுக்கு மைக் செட் சொல்ற ஆளத் தேடுறீங்க.”

“ஜெயபாரதி!”

மனைவியின் முழுப்பெயரைச் சொல்லிக் கல்யாணசுந்தரம் கூப்பிட்டால் அடுத்து ஏதாவது ஒரு பொருள் உடையும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். குவைத்தின் அப்பாசியாவில் கட்டடச் சுவர்களெல்லாம் மெலிசு. எதிர் ஃப்ளாட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. எதிர் ஃப்ளாட்டுக்காரி நாகஜோதி, கல்யாணசுந்தரத்தை எதிர்த்து நிற்கும் சீதாராமனின் மனைவி. ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதில் தனக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று நினைத்தாள்.

அது இரண்டாயிரத்து எட்டு, நவம்பர் மாதம். மணல்வெளித் தமிழ் மன்றத்துக்குத் தலைவர் தேர்தல். சீதாராமன் மூன்று தடவை தலைவராக இருந்தவர். மூன்று தடவையும் ‘எனக்கு வேண்டாம், நீங்கதான் விட மாட்டேங்கறீங்க’ என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பிவிட வேண்டும் என்று இந்தத் தடவை கல்யாணசுந்தரம் கிளம்பினார். கிளம்பியதற்கு மன்றத்தின் மேல் உள்ள பாசம் மட்டும் காரணமில்லை.

கல்யாணசுந்தரம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பிளானிங் இன்ஜினீயர். எந்த வேலை எந்தத் தேதியில் முடியும் என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டுவது அவர் தொழில். இருபது வருஷத்தில் அவர் சொன்ன தேதியில் ஒரு சுவர்கூட எழும்பியதில்லை, கோடுகள் மட்டும் பார்க்க லட்சணமாக இருக்கும். அந்தக் கம்பெனி, உலகம் பூராவும் பணமுடை என்று சொல்லி, டிசம்பரோடு குவைத் ஆபீஸை மூடப்போகிறது. கல்யாணசுந்தரத்துக்கு மட்டும் தோஹாவில் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் ஃபேமிலி விசா உண்டு, மகள் ஹர்ஷினிக்கு அங்கே பள்ளிக்கூடமும் பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குள் ஆமாம் என்றோ இல்லை என்றோ தோஹா மானேஜருக்கு ஃபோன் செய்ய வேண்டும்.

ஜெயபாரதிக்கு அது போதும். இன்னொரு பக்கம் கௌஸ் முகைதீன் இருந்தார். மன்றத்தின் புரவலர், கார்கோ கம்பெனி முதலாளி. கேம்ப் கேம்ப்பாகத் தமிழர்கள் இருக்கும் ஊரில், மன்றத்தலைவர் தன் ஆபீஸில் மானேஜராக உட்கார்ந்திருந்தால் வியாபாரத்துக்கு நல்லது என்பது அவர் எண்ணம். “தலைவரா வாங்க சார், சீட்டு ரெடியா இருக்கு” என்று ஒரு கல்யாண விருந்தில் பாயசத்துக்கு நடுவில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கல்யாணசுந்தரம் தலைவராகிவிட்டதாகவே நடமாடத் தொடங்கினார். ஜெயித்தால் இதே குவைத், இதே ஃப்ளாட், மேலே ஒரு பட்டம். தோற்றால், தோஹாவும் கையில் இல்லையென்றால், விசா கேன்சல் ஆகித் திருச்சிக்குப் போக வேண்டியதுதான்.

அப்படி ஆனால் மறுபடி ஆளுக்கொரு ஊராகப் பிரிய வேண்டியிருக்கும், அதில்தான் ஜெயபாரதிக்குப் பயம். ஹர்ஷினிக்கு மூன்று வயது முதல் ஆறு வயது வரை கல்யாணசுந்தரம் சவூதியில் ஒரு பேச்சலர் ரூமில் கிடந்தார். லீவில் வந்து நின்றவரைப் பார்த்து, “அம்மா, இந்த அங்கிள் எப்ப போவாங்க?” என்று குழந்தை கேட்டது. அதற்குப் பிறகு ஜெயபாரதி பிடித்த ஒரே பிடிவாதம், எந்த ஊராக இருந்தாலும் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது. வேறு எதிலும் அவள் தலையிடுவதில்லை. மஸ்கட்டை விட்டதும், சவூதியில் ஷரஃபியா பக்கம் பார்த்த வீட்டை வேண்டாம் என்றதும் அவர் முடிவு. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு அறிகுறி இருக்கும். எண்ணெய் விலை, கிரிக்கெட் டாஸ், எதிர்வீட்டுக்காரன் கார் மாற்றியது என்று எதுவாகவும் இருக்கலாம். இப்போது அமெரிக்காக்காரர்களின் வரிசை. இந்தச் சண்டையில் அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் எங்கே என்று தெரிந்தது. ஆனால் அந்த இடம் பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம்போல் இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“சரி, உக்காரு. கணக்கா பேசுவோம்” என்றார் கல்யாணசுந்தரம்.

மன்றத்தில் அறுநூறு உறுப்பினர்கள். தேர்தல் வெள்ளிக்கிழமை. ஆனால் தெற்கே ஒரு ரிஃபைனரியில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்ததால் அங்கே கேம்ப்பில் தங்கிக் கான்ட்ராக்டில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு வெள்ளியும் டூட்டி. அவர்கள் மட்டும் இருநூற்று நாற்பது பேர். அவர்களுக்காக வியாழன் மாலை நான்கு முதல் எட்டு வரை முன்கூட்டியே ஓட்டுப் போட ஏற்பாடு. ஓட்டு எண்ணுவது எல்லாருக்கும் சேர்த்து வெள்ளி மாலை.

“கேம்ப்லேருந்து போன தடவ எத்தன பேரு வந்தான்?”

“முப்பத்தெட்டு.” ஜெயபாரதிக்கு நினைவிருந்தது. போன தடவையும் பெயர்ப் பதிவேட்டில் டிக் அடிக்க உட்கார்ந்தவள் அவள்தான்.

“இருக்கற ஆளே போதும்னு நெனக்கிறவன் டூட்டி முடிஞ்சு பஸ் ஏறி ஒரு மணி நேரம் வந்து ஓட்டுப் போட மாட்டான். மாத்தணும்னு நெனக்கிறவன்தான் வருவான். கூட்டம் வந்தா எனக்கு, வரலேன்னா சீதாராமனுக்கு. வியாழக்கிழமை ஏழு மணிக்குள்ள நூத்தம்பது பேரு வந்துட்டா நாம இங்கயே இருக்கோம். வரலேன்னா நானே தோஹாவுக்கு ஃபோன் போட்டு ஆமாங்கறேன். ஒத்துக்கறியா?”

ஜெயபாரதி யோசித்தாள். முப்பத்தெட்டு நூற்றைம்பது ஆவதாவது! ஐம்பது வந்தால் அதிகம். மூட்டை கட்ட எத்தனை அட்டைப்பெட்டி வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்குக்கூட ஓடியது.

“ஒத்துக்கறேன்.”

“அப்புறம் நடுவுல வாயத் தொறக்கக் கூடாது. இந்த எலக்‌ஷன் முடியற வரைக்கும் ஒரு அபிப்பிராயமும் சொல்லக் கூடாது. நீ சொன்னா வெளங்காது.”

“சொல்லல.”

எதிர் ஃப்ளாட்டில் மிக்சி மறுபடி ஓட ஆரம்பித்தது.

வியாழக்கிழமை, ஜெயபாரதி பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தின் ஹாலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். மேஜையில் பதிவேடு. பின்னால் இரண்டு நாற்காலி. கட்சிக்கு ஒருவர் என்ற முறையில் ஒன்றில் ஜெயபாரதி, மற்றதில் நாகஜோதி. வேட்பாளர்களின் மனைவிமார்களையே உட்கார வைத்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்பது கௌஸ் முகைதீனின் யோசனை. அவர்கள் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள். நாலு மணிக்கு யாரும் வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை.

“பாரதி, டீ ஆறுது. உங்க வீட்டுக்காரரோட அமெரிக்கா இன்னும் வரல போல” என்றாள் நாகஜோதி.

“வரட்டும்க்கா. அவசரம் என்ன?”

ஐந்து மணிக்கு முதல் பஸ் வந்தது. பின்னாலேயே இரண்டாவது. அதன் பின்னால் மூன்றாவது. கவரால் உடுப்பு அணிந்தபடியே, தலையில் ஹெல்மெட் அழுத்திய கோடு மாறாமல், ஆட்கள் இறங்கி இறங்கி வரிசையில் நின்றார்கள். வரிசை ஹாலைத் தாண்டி, கூடைப்பந்து மைதானத்தைத் தாண்டி, கேட் வரைக்கும் போனது. தண்ணீர் கூலருக்குப் பக்கத்தில் நின்றிருந்த கல்யாணசுந்தரத்தின் முகத்தில் வெளிச்சம் ஏறியதை ஜெயபாரதி அங்கிருந்தே பார்த்தாள். ஆள் எண்ணும் சின்ன மெஷின் ஒன்றை ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்தார். கட்டைவிரல் ஓயாமல் அதை அமுக்கியது.

முதலில் வந்தவர் சோலையப்பன். சாரம் கட்டும் கோஷ்டிக்கு ஃபோர்மேன். கமுதிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர்.

“தாயி, சோலையப்பன். முன்னூத்தி நாலாம் நம்பரு. பேரு இருக்குல்ல?”

“இருக்குண்ணே.”

“நல்லாப் பாரு தாயி. சோலையப்பன்னு கேம்ப்புல ரெண்டு பேரு. இன்னொருத்தன் மதுக்கூரு. மாறிப்போச்சுன்னா நான் அவன் வீட்டு வாசல்ல போயி எறங்கணும்.”

“எங்கண்ணே எறங்கணும்?”

“பெட்டியிலதான், தாயி.”

ஜெயபாரதி நிமிர்ந்து பார்த்தாள். நாகஜோதியும் டீயை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

சோலையப்பன் பொறுமையாக விளக்கினார். மன்றத்தில் சேர்ந்தவர் யாராவது இங்கே இறந்துபோனால், ஆஸ்பத்திரிச் சீட்டு, எம்பஸி கையெழுத்து, விமானம் எல்லாம் பார்த்து உடலை ஊருக்கு அனுப்புவது மன்றத்தின் வழக்கம். கேம்ப்பில் யாரும் பட்டிமன்றத்துக்காக மன்றத்தில் சேரவில்லை, இதற்காகச் சேர்ந்தார்கள். போன மாதம் பெரம்பலூர்க்காரர் ஒருவர் நெஞ்சுவலியில் போனார். மன்றத்தில் இருந்தவர், ஒன்பதாவது நாள் ஊர் போய்ச் சேர்ந்தார். அதே வாரம் போன இன்னொருவர் எதிலும் சேராதவர். அவர் இன்னும் மார்ச்சுவரியில் இருக்கிறார்.

“ஜெயசீலன் தம்பி கேம்ப்புக்கு வந்து சொல்லுச்சு. இந்தத் தடவ ஓட்டுப் போடாதவன் பேரு லிஸ்ட்டுலேருந்து போயிரும்னு. பேரு போச்சுன்னா அப்புறம் யாரு கொண்டுபோயிச் சேக்குறது? அதான் ஓவர்டைமக்கூட விட்டுட்டு எல்லாப் பயலும் வந்துட்டோம்.”

ஜெயசீலன், கல்யாணசுந்தரத்தின் பிரசாரத் தளபதி. டைப்பிங் கடையில் வேலை. வாய்க்குக் கதவு கிடையாது. கூட்டம் சேர்க்க இந்தப் பொய்யை அவன் எந்த நேரத்தில் அவிழ்த்துவிட்டானோ! கல்யாணசுந்தரத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கட்டைவிரல் அவ்வளவு வேகமாக அமுக்காது.

“அப்படியெல்லாம் பேரு போகாதுண்ணே. அது சும்மா சொன்னது” என்றாள் ஜெயபாரதி.

“போகாட்டி நல்லதுதான். இருந்தாலும் டிக் போட்டுரு, தாயி.”

அடுத்தவனுக்கு முப்பது வயதிருக்கும். அவன் பதிவேட்டைத் தலைகீழாகவே படிக்கப் பார்த்தான்.

“அக்கா, விலாசத்த மாத்தணும். அம்மா கருப்பாயி வீட்டு விலாசம் இருக்கு, அத வெட்டிருங்க. எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம் இப்பத் தனியா இருக்கா. அவ விலாசம் எழுதுங்க. அம்மா வீட்டுல எறக்கினா ரெண்டு பேரும் பெட்டிய நடுவுல வச்சுக்கிட்டே சண்ட போடுவாளுக.”

அவனுக்குப் பின்னால் நின்ற கீழக்கரை ஈசா சிரித்தான். “எனக்கு இங்கயே அடக்கம் பண்ணாலும் சரிதாங்க்கா. ஆனா டிக் இருக்கட்டும். யாரு கண்டா, வாப்பா கேட்டாலும் கேப்பாரு.”

ஜெயபாரதி பென்சிலால் விலாசம் மாற்றினாள். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. மாமனார் வீடு, அக்கா வீடு, புதிதாகக் கட்டிய வீடு, ‘அங்க ஆம்புலன்ஸ் போகாது, மெயின் ரோட்டுல டீக்கடை இருக்கு, அங்க எறக்கச் சொல்லுங்க.’

“இது ஓட்டு லிஸ்ட்டா, பார்சல் ஆபீஸா?” என்றாள் நாகஜோதி. சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள்.

சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும். சீட்டில் இரண்டு பெயர், இரண்டு கட்டம். வேண்டியவருக்கு ஒரு டிக். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொருவரும் ஒன்று கேட்டார்கள்.

“அக்கா, எம் பேர எங்க எழுதணும்?”

“உங்க பேரு எழுதக் கூடாதுண்ணே. டிக் மட்டும்.”

“எழுதாட்டி நாந்தான் போட்டேன்னு எப்பிடித் தெரியும்?”

“தெரியக் கூடாதுண்ணே. அதான் முறை.”

“இதென்ன முறை? வந்தவன் பேரு தெரியலேன்னா எதுக்கு வரணும்?”

இருபது பேருக்குச் சொன்னாள். முப்பது பேருக்குச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய், ஒரு டிக் போடுவதற்குத் தேவைப்படாத அவ்வளவு நேரம் நின்று எழுதினார்கள். கயிற்றில் கட்டிய பேனா மேஜையில் கரகரவென்று உரசும் சத்தம் பதிவேடு வரை கேட்டது. ஒருவர் திரைக்கு வெளியே தலையை நீட்டி, பாஸ்போர்ட் நம்பரும் எழுதலாமா என்று கேட்டார். அதற்குப் பிறகு ஜெயபாரதி யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பெயர், நம்பர், டிக். அடுத்தவர். பெயர், நம்பர், டிக். கை அதுபாட்டுக்கு ஓடியது. இந்தக் கூட்டத்துக்கு அர்த்தம் அவர் நினைக்கிற அர்த்தம் இல்லை என்று அவளுக்கு ஐந்தரை மணிக்கே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். படபடக்கவில்லை. ஏசி குளிர் மட்டும் கழுத்தில் பட்டது.

ஆறே முக்காலுக்குக் கல்யாணசுந்தரம் மேஜைக்கு வந்தார். பின்னால் ஜெயசீலன், பல் தெரிய.

“பாரதி, டிக் எவ்வளவு?”

“இருநூத்திப் பதினேழு.”

“எங்கிட்டயும் அதே! இன்னும் ஒரு பஸ் வேற வருது. தொண்ணூறு பர்சென்ட்! அமெரிக்காவுல இத்தன இல்ல!”

“சார், நான் அன்னிக்கே சொன்னேன்ல, அலைன்னு! இது அலை இல்ல சார், சுனாமி” என்றான் ஜெயசீலன்.

“என்னங்க...” என்றாள் ஜெயபாரதி.

கல்யாணசுந்தரம் கையை உயர்த்தினார். “நூத்தம்பதுன்னு பேசினோமா இல்லையா? ஒத்துக்கறேன்னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன? நல்ல நேரத்துல எதையாவது சொல்லித் தொலைக்காதே. மணி ஏழாகப் போகுது.”

அவள் வாயில் ஒரே ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இவங்க உங்களுக்காக வரல. ஐந்து விநாடி போதும் சொல்லி முடிக்க. நாகஜோதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆள், நம்பரைச் சொல்லிவிட்டு நின்றான்.

“தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க. தொண்ட கட்டியிருக்கு” என்றாள் ஜெயபாரதி. சொல்லிவிட்டு வரிசையில் நின்றவன் பெயரைத் தேடி டிக் அடித்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் ஃபோன் பேசுவது தெரிந்தது. நிமிர்ந்து நின்று பேசினார். ‘தேங்க்யூ சார், ஃபேமிலி ரீசன்ஸ் சார்’ என்று சொன்னது கதவு திறந்து மூடிய இடுக்கில் உள்ளே வந்தது. அந்த ஃபேமிலி, பதிவேட்டின் மேல் குனிந்திருந்தது.

“நீ சொல்லலியா, பாரதி?” என்றாள் நாகஜோதி மெதுவாக. எதிர்க்கட்சிக்காரி என்பதை அவள் கொஞ்ச நேரம் மறந்திருந்தாள்.

“சொல்லல.”

“ஏண்டி?”

“நூத்தம்பதுன்னாரு. வந்துருச்சு. நானும் சரின்னு சொன்னவதானக்கா?”

நாகஜோதி ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். டீ தீர்ந்திருந்தது. எட்டு மணிக்குப் பதிவேட்டை மூடும்போது டிக் இருநூற்று முப்பத்து மூன்று. அதில் ஏழு பேர் டிக் விழுந்ததும் சீட்டைக்கூட வாங்காமல் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை குடும்பங்கள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, புடவைகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போயின. கல்யாணசுந்தரம் புதுச் சட்டை. மாலையில் எண்ணும்போது பேசுவதற்கு ஒரு ஏற்புரையும் சட்டைப் பையில். ஐந்து மணிக்குக் கௌஸ் முகைதீன் எண்ண உட்கார்ந்தார். குடும்ப ஓட்டுகள் முதலில். சீதாராமன் நூற்று அறுபத்து மூன்று, கல்யாணசுந்தரம் நூற்று ஐம்பத்தொன்று.

“பன்னெண்டுதான் சார் வித்தியாசம். கேம்ப் ஓட்டத் தொறந்ததும் காணாமப் போயிரும்” என்றான் ஜெயசீலன், ஊருக்கே கேட்கும்படி.

கேம்ப் ஓட்டுகளைக் கொட்டினார்கள். கௌஸ் முகைதீன் முதல் சீட்டைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“சோலையப்பன், சன் ஆஃப் ராமசாமி, கமுதி தாலுகா. பாஸ்போர்ட் நம்பர்...” நிறுத்தினார். “இதென்ன? டிக்கே இல்லியே. பேரு எழுதினா செல்லாது.”

இரண்டாவதைப் பிரித்தார். “தகவல் சொல்ல வேண்டியவர், பஞ்சவர்ணம், மனைவி. செல்லாது.”

மூன்றாவது. “ஈசா, கீழக்கரை. செல்லாது.”

ஹாலில் முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பத்தாவது சீட்டுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கௌஸ் முகைதீன் முழுதாகப் படிப்பதை விட்டுவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் சொன்னார். அறந்தாங்கி, செல்லாது. திருவாடானை, செல்லாது. முசிறி, செல்லாது. ஒருவர் வீட்டுக்கு வழி வரைந்திருந்தார், கோயிலும் குளமும் அம்புக்குறியும் போட்டு. அதைச் சீதாராமன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்று தடவை தலைவராக இருந்தவருக்கு இவர்கள் பெயர்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன போலிருந்தது.

இருநூற்று இருபத்தாறு சீட்டில் நூற்று முப்பத்தொன்று அப்படி. முப்பத்தெட்டில் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் டிக். மிச்சத்தில் சீதாராமனுக்கு நாற்பத்தொன்று, சீட்டில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. கல்யாணசுந்தரத்துக்குப் பதினாறு.

சீதாராமன் ஜெயித்தார். எழுந்து நின்று, “எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன்” என்று ஆரம்பித்தார். நாகஜோதி கைதட்டவில்லை என்பதைப் பின்வரிசைப் பெண்கள் கவனித்து, அன்றைக்கே நாலு கட்டடத்துக்குச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து கல்யாணசுந்தரம் சோபாவில் உட்கார்ந்தார். புதுச் சட்டையைக் கழற்றவில்லை. ஹர்ஷினி, “டாட், டிட் யு வின்?” என்று கேட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் எழும் சத்தம் அன்றைக்கு எழவில்லை. எதிர் ஃப்ளாட்டில் காதைத் தீட்டியதுதான் மிச்சம்.

“உனக்குத் தெரியுமா?” என்றார் கடைசியில்.

“என்னது?”

“அவனுங்க எதுக்கு வந்தானுங்கன்னு.”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“அஞ்சரையிலேருந்து.”

அவர் தலையாட்டினார். கத்தப்போகிறார் என்று நினைத்தாள். ‘நான்தானே பேசாதேன்னு சொன்னேன்’ என்று சொல்லப்போகிறார் என்றும் நினைத்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

“ரசம் இருக்கா?” என்றார்.

“இருக்கு. சூடு பண்றேன்.”

சனிக்கிழமை காலை தோஹாவுக்கு ஃபோன் செய்தார். அந்த இடத்தை வெள்ளிக்கிழமையே ஒரு பாகிஸ்தான்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘கல்லாஸ் மிஸ்டர் கல்யாண், இட்ஸ் ஓவர்’ என்று மானேஜர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. கௌஸ் முகைதீனின் ஆபீஸுக்கும் போனார். நல்ல டீ மட்டும் கொடுத்தார்கள். ஜெயசீலன் மாத்திரம் கேம்ப்புக்குப் போக ஒரு வருஷம் பயந்தான். ஆனால் அங்கே யாரும் அவனைத் தேடவில்லை. டிக் விழுந்துவிட்டது, அவர்களுக்கு அது போதும்.

ஜனவரி பதினோராம் தேதி கல்யாணசுந்தரம் திருச்சிக்குப் போனார். ஜெயபாரதிக்கு அவள் பாடம் எடுத்த பள்ளிக்கூடமே விசா மாற்றிக் கொடுத்தது. ஹர்ஷினி பத்தாவது பரீட்சை எழுத வேண்டும் என்பதால் இருவரும் தங்கினார்கள். பரீட்சை முடிந்ததும் ஹர்ஷினி ப்ளஸ் ஒன் படிக்க அப்பாவிடம் போனாள். கடன், தம்பி தங்கச்சி கல்யாணம் என்று எதுவும் இல்லாத வீட்டில் ஜெயபாரதி ஏன் திரும்பிப் போகவில்லை என்று அப்பாசியாவில் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். அவரோடு சண்டை என்றார்கள், பள்ளிக்கூடத்தில் பதவி உயர்வு என்றார்கள். நாகஜோதி ஒரு நாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். “போகணும்தான்க்கா” என்றாள் ஜெயபாரதி, நாளைக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டும் என்பதுபோல.

சீதாராமன் நாலாவது தடவையைப் பாதியில் விட்டுவிட்டு, கனடா விசா கிடைத்து, நாகஜோதியோடு டொராண்டோ போனார். சோலையப்பன் அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் முடிந்து, விமானத்தில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, ஊர் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது பெண்ணை மதுக்கூரில் கட்டிக்கொடுத்தார் என்று கேள்வி. குடியிருந்த மூன்றாவது மாடி ஃப்ளாட் ஒருத்திக்கு அதிகம் என்று ஜெயபாரதி சால்மியா பகுதியில் டீச்சர்கள் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு மாறினாள். ஜெயசீலன் சங்கீதா என்ற ஆஸ்பத்திரி நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, ஜெயபாரதி காலி செய்த அந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்தான்.